டீச்சரோட தகர டப்பாவும் 41 சீனக் காசும்: 38 லட்சம் கிடைக்கும்னு யாராவது சொன்னா முதல்ல இதைப் படிங்க

நம்ம சேனல்ல மியூச்சுவல் ஃபண்ட், டேர்ம் இன்ஷூரன்ஸ், ஐ.டி.ஆர்.னு பேசிட்டு இருக்கிற ஆள் திடீர்னு சீனக் காசைப் பத்தி ஏன் எழுதுறான்னு நினைப்பீங்க. காரணம் ஒரு தகர டப்பா.

ரெண்டு மாசம் முன்னாடி மந்தைவெளியில இருந்து ஒரு அம்மா லஸ்ஸுல இருக்கிற என் ஆபீஸுக்கு வந்தாங்க. ரிட்டயர்டு டீச்சர், வயசு 68. பென்ஷன் ரிட்டர்னுக்காக வருஷா வருஷம் வர்றவங்க. இந்தத் தடவை ஜூலை மாசம் இல்லை, ஃபார்ம் 16-ம் கையில இல்லை. ஒரு பாஸ்புக், ஒரு பழைய பிஸ்கட் டப்பா. "தம்பி, இதுக்கு ஜி.எஸ்.டி. எவ்வளவு கட்டணும்னு சரியா சொல்லுங்க. அவங்க இன்னும் 35,000 கேக்குறாங்க"னாங்க.

"யாரு டீச்சர் கேக்குறாங்க?"

விஷயம் இதுதான். வீட்டைக் காலி பண்ணும்போது பரண்ல இந்த டப்பா கிடைச்சிருக்கு. உள்ளே நடுவுல சதுர ஓட்டை போட்ட 41 காசு. அவங்க மாமனார் அந்தக் காலத்துல செட்டியார் கடையில கணக்கப்பிள்ளை, முதல்ல பினாங், அப்புறம் சைகோன். யுத்தத்துக்கு முன்னாடி ஊர் திரும்பினப்போ கொண்டு வந்ததாம். டீச்சர் ஒரு காசைப் போட்டோ எடுத்து ஃபேஸ்புக்ல "பழைய காசு வாங்கப்படும்"னு இருந்த ஒரு பக்கத்துக்கு அனுப்பியிருக்காங்க. பத்து நிமிஷத்துல வாட்ஸ்அப் கால். "அம்மா, இது 900 வருஷப் பழைய சோங் வம்சக் காசு, வெளிநாட்டு பார்ட்டி 38 லட்சத்துக்கு எடுக்கிறார்." ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் 2,999. அடுத்த நாள் "ஜி.எஸ்.டி." 8,500. அப்புறம் ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட ஒரு பி.டி.எஃப். வந்திருக்கு, அந்த "என்.ஓ.சி."க்கு 12,000. மொத்தம் 23,499 ரூபாய். நாலாவது தவணை 35,000 கேட்டப்போதான் டீச்சருக்கு என் ஞாபகம் வந்திருக்கு.

முதல் வேலையா 1930-க்கு போன் போட்டோம். சைபர் மோசடிக்கான அரசாங்க உதவி எண் அது. கூடவே சைபர் கிரைம் போர்ட்டல்லயும் புகார் பதிவு பண்ணினோம். பணம் போன உடனே கூப்பிட்டிருந்தா, போன கணக்கை முடக்குற வாய்ப்பு நிறைய. நாங்க கூப்பிட்டது ஒன்பதாவது நாள். இன்னும் ஒரு ரூபாய் திரும்பல.

ரிசர்வ் வங்கி பேர்ல பழைய நோட்டு, காசு வாங்குறோம்னு சொல்லி கட்டணம், கமிஷன், வரி கேக்குற கும்பலைப் பத்தி 2021 ஆகஸ்ட்லயே ரிசர்வ் வங்கி எச்சரிக்கை விட்டிருக்கு. தாங்கள் அந்த வியாபாரத்துலயே இல்லை, யாரையும் அதுக்கு நியமிக்கவும் இல்லைன்னு தெளிவா சொல்லியிருக்காங்க. ஒரு சி.ஏ.வா நான் சேர்த்துச் சொல்றது ஒண்ணுதான்: விக்கிறவர் கையில இருந்து முன்கூட்டியே பணம் வாங்குற வரி எதுவும் இந்த நாட்டுல கிடையாது. டி.டி.எஸ்.னா கூட உங்களுக்கு வர்ற பணத்துல பிடிப்பாங்க. உங்ககிட்ட இருந்து வாங்கிட்டுப் பணம் தர மாட்டாங்க.

சரி, அந்த டப்பா? டீச்சர் கேட்டாங்க, "அவங்க திருடங்கதான். ஆனா காசு நிஜமாவே 900 வருஷம் பழசா இருந்தா?" நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியலை. அதனால அன்னைக்கு ராத்திரியே படிக்க ஆரம்பிச்சேன். நாலு ஞாயித்துக்கிழமை போச்சு. வீட்ல திட்டு வேற.

இந்தக் காசுக்கு இங்கிலீஷ்ல பேரு "கேஷ்". நாம கடையில கொடுக்கிற கேஷ் வேற, அது பெட்டியைக் குறிக்கிற பிரெஞ்சுச் சொல்லுல இருந்து வந்தது. சீனக் காசைக் குறிக்கிற கேஷ் நம்ம தமிழ் "காசு"தான். போர்ச்சுகீசியர்கள் இங்கே கேட்டு "காய்ஷா" ஆக்கி, அது இங்கிலீஷுக்குப் போயிருக்கு. பத்து வருஷமா கேஷ் புக் பாக்குறவன், இது எனக்குத் தெரியவே தெரியாது.

சீனக் காசு தமிழ்நாட்டுக்கு வந்ததும் டீச்சர் மாமனார் காலத்துல இல்லை. பழைய தஞ்சாவூர் மாவட்டத்துல விக்கிரமம், ஒலயகுன்னம், தளிக்கோட்டைன்னு மூணு ஊர்ல புதையலாவே சீனக் காசு கிடைச்சிருக்கு. தளிக்கோட்டையில மட்டும் ஆயிரத்துக்கும் மேலே. அதுல பெரும்பகுதி வட சோங் வம்சக் காசு, அதாவது 960-ல இருந்து 1127 வரைக்கும் உள்ள காலம். நம்ம கணக்குல ராஜராஜன், ராஜேந்திரன், குலோத்துங்கன் காலம். சோழர்கள் 1015, 1033, 1077-னு மூணு தடவை சீனாவுக்குத் தூதுக்குழு அனுப்பினதை சோங் வரலாற்று ஏடுகளே சொல்லுது. 1077-ல போன குழுவுல 72 பேர். கொண்டு போன பரிசுகளுக்குப் பதிலா அவங்களுக்குக் கொடுத்தது 81,800 சரம் செப்புக்காசு. ஒரு சரம்னா பேச்சுக்கு ஆயிரம் காசு. ஓட்டை எதுக்குன்னா இதுக்குத்தான்: கயித்துல கோத்து சரம் சரமா எண்ண. "காணிக்கை"ன்னு ஏடு சொன்னாலும் ஒரு கணக்கன் கண்ணுல இது சுத்தமான எக்ஸ்போர்ட் இன்வாய்ஸ்.

அப்போ 900 வருஷக் காசு தமிழ்நாட்டு வீட்டுல இருக்கிறது நடக்காத விஷயம் இல்லை. அந்த மோசடிக்காரன் சொன்னதுல அந்த ஒரு வரி மட்டும் உண்மையா இருக்கக்கூடிய பொய். அதான் வில்லங்கமே.

இப்போ காசைப் பார்க்கிற விதத்துக்கு வரேன். சீன மொழி தெரிய வேண்டியதில்லை, சத்தியமா. 400 ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் தராசு (ரெண்டு தசம ஸ்தானம் காட்டணும்), ஒரு வெர்னியர், ஒரு பூதக்கண்ணாடி, ஃபிரிட்ஜ் மேல ஒட்டியிருக்கிற காந்தம். என் ஆபீஸ் டேபிள்ல இவ்வளவுதான் இருந்தது.

முதல்ல காந்தம். பித்தளையும் வெண்கலமும் காந்தத்துல ஒட்டாது. ஒட்டினா உள்ளே இரும்பு, மேலே முலாம். சோங் காலத்துல சில பகுதிகள்ல இரும்புக் காசே அடிச்சாங்கதான், ஆனா அது துருப்பிடிச்சு இரும்பாவே தெரியும், மஞ்சளா மின்னாது.

அடுத்து எழுத்து. முன்பக்கம் ஓட்டையைச் சுத்தி நாலு எழுத்து இருக்கும். பெரும்பாலும் மேலே, கீழே, வலது, இடதுன்னு அந்த வரிசையில படிக்கணும். மேலும் கீழும் இருக்கிற ரெண்டு எழுத்து ராஜாவோட ஆட்சிக்கால பேர். மத்த ரெண்டு பெரும்பாலும் "தோங் பாவ்", அதாவது புழக்கத்துல இருக்கிற செல்வம்னு வச்சுக்கலாம். "பாவ்" எழுத்தைக் கண்டுபிடிக்கிறது சுலபம். மேலே வீட்டுக்கூரை மாதிரி ஒண்ணு, நடுவுல நெருக்கமா கோடுகள், அடியில ஒரு பெட்டிக்கு ரெண்டு கால் முளைச்ச மாதிரி. அந்தக் கால் முளைச்ச பெட்டிக்குச் சீனத்துல "சிப்பி"ன்னு அர்த்தம். பழங்காலத்துல அங்கேயும் சோழியைத்தான் பணமா வச்சிருந்தாங்க, அதனால செல்வம்ங்கிற எழுத்துக்குள்ள சோழி உக்காந்திருக்கு. நம்ம பாட்டிங்க சோழி போட்டு விளையாடினதை நினைச்சுக்கோங்க, அப்புறம் இந்த எழுத்து மறக்கவே மறக்காது. "தோங்" எழுத்துக்கு அடியில படகு மாதிரி இழுத்த ஒரு வளைவு இருக்கும்.

இந்த ரெண்டு எழுத்தும் எங்கே இருக்குன்னு பார்த்தாலே பாதி வேலை முடிஞ்சுது. "தோங்" வலது பக்கம், "பாவ்" இடது பக்கம்னா நான் சொன்ன வரிசை. "தோங்" கீழே இருந்தா மேலே ஆரம்பிச்சு கடிகாரச் சுத்துல படிக்கணும். சோங் காசு நிறைய இப்படித்தான்.

அப்புறம் திருப்பிப் போடுங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். பின்பக்கம் ஓட்டைக்கு ரெண்டு பக்கமும் நெட்டுக்குத்தா, முதுகெலும்பு மாதிரி கோட்டுல பக்கவாட்டு முள்ளு வச்ச எழுத்து இருந்தா அது மஞ்சு எழுத்து. அது சிங் வம்சம், 1644-க்கு அப்புறம். இடது பக்கம் "பூ", அதே செல்வம்தான். வலது பக்கம் எந்த அச்சகத்துல வார்த்ததுன்னு இருக்கும். பெய்ஜிங்ல மட்டும் ரெண்டு அச்சகம். ஒண்ணு நிதித்துறையோடது, இன்னொண்ணு பொதுப்பணித்துறையோடது. பி.டபிள்யூ.டி.க்குத் தனியா காசு அடிக்கிற அதிகாரம் கொடுத்தா எப்படி இருக்கும்னு நினைச்சுச் சிரிச்சுட்டு இருந்தேன்.

பின்பக்கம் அலை அலையா கோடு இருந்தா ஜப்பான். ஒண்ணுமே இல்லாம வழவழன்னு, தட்டையா, இலேசா இருந்தா வியட்நாமா இருக்க வாய்ப்பு உண்டு. ஆனா வெறும் முதுகு சோங் காசுக்கும் இருக்கும், அதனால இது மட்டும் போதாது, முன்பக்க எழுத்தைப் படத்தோட ஒப்பிடணும்.

கடைசியா உலோகம். சோங் காசு செம்பு, ஈயம், தகரம் கலந்த வெண்கலம், கொஞ்சம் பழுப்பா, பச்சை பூத்து இருக்கும். துத்தநாகம் கலந்த பித்தளைக் காசு சீனாவுல 16-ஆம் நூற்றாண்டுலதான் வருது. சிங் காலத்துக் காசுங்கதான் அந்த மஞ்சள் நிறம். பித்தளைக்கு மதிப்பு கூடினா ஜனங்க காசை உருக்கிப் பாத்திரம் பண்ணிடுவாங்க, எந்த ஊர்லயும் இதே கதை. 1740-ல சியன்லோங் ராஜா அரசாங்கம் கலவையில கொஞ்சம் தகரம் சேர்க்கச் சொல்லுச்சு. அப்படி வார்த்த காசை உருக்கித் தட்டினா விரிசல் விடும், பாத்திரம் ஆகாது. நம்ம ஊர்ல பழைய கனமான அஞ்சு ரூபாயை உருக்கி பிளேடு பண்றாங்கன்னு ஒரு பேச்சு ஓடிச்சே, ஞாபகம் இருக்கா?

இதெல்லாம் அச்சு வச்சு அடிச்ச காசு இல்லை. மணல் அச்சுல உருக்கி ஊத்தி, மரக்கிளை மாதிரி ஒட்டிட்டு வர்றதை உடைச்செடுத்து, சதுரக் கம்பியில கோத்து விளிம்பை அரம் போட்டு ராவினது. சதுர ஓட்டைக்கு அதுவும் ஒரு காரணம்: காசு சுத்தாம நிக்கும். பூதக்கண்ணாடியில விளிம்பைப் பார்த்தா அந்த அரக்கோடு தெரியும். ஒரே ராஜா காசு ரெண்டை எடைபோட்டா ஒண்ணு 3.6 கிராம், இன்னொண்ணு 4.3 கிராம்னு இருக்கும். அது தப்பு இல்லை, அதுதான் அசல்.

போலியில இது தலைகீழ். தி.நகர் பாண்டி பஜார்லயும் மயிலாப்பூர் மாட வீதிப் பக்கமும் ஃபெங் சூயின்னு மூணு காசைச் சிவப்பு ரிப்பன்ல கட்டித் தொங்க விட்டிருப்பாங்களே, பர்ஸுல வச்சா பணம் தங்கும்னு? அதுல பெரும்பாலும் சியன்லோங் பேர்தான் இருக்கும். எல்லாம் புதுசா வார்த்தது. பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க: எழுத்து ஓரம் மழுங்கி, சோப்பு கரைஞ்ச மாதிரி இருக்கும், மேலே குட்டிக் குட்டிக் குழி, நாலு காசும் ஒரே இடத்துல தேஞ்சிருக்கும். பச்சை நிறம் ஈரத்துணியில ஒட்டிட்டு வந்தா அது காலம் பூசின பச்சை இல்லை, பெயிண்ட். வாசல்ல தொங்கவிட ஆசைன்னா தாராளமா வாங்குங்க, முதலீடுன்னு மட்டும் வாங்காதீங்க.

இனி டீச்சர் டப்பா. 41-ல 26 சிங் காசு, அதுல பாதிக்கு மேல சியன்லோங், அவர் காலம் 1736-ல இருந்து 1795. நாலு வியட்நாம், கான் ஹூங் காலத்துக் காசு. மூணு ஜப்பான். ஜப்பான் காசு சைகோன்ல இருந்து எப்படி வரும்னு குழம்பினேன். அந்தக் காலத்துல ஜப்பான் காசு கப்பல்ல வியட்நாம் போய் அங்கேயே புழங்கியிருக்கு, 1930-கள்ல கூட அங்கே ஓட்டைக் காசு சில்லறையா ஓடிச்சு. மாமனார் சம்பளச் சில்லறையைத்தான் டப்பாவுல போட்டிருக்கார் போல. ரெண்டு காசு படிக்கவே முடியலை. அஞ்சு போலி. அதுல ஒண்ணுல சிவப்பு நூல் இன்னும் ஒட்டியிருந்தது. டீச்சர் யோசிச்சுப் பார்த்து, "மருமக அடையார்ல ஃபிளாட் வாங்கினப்போ ஒரு கடையில வாங்கினா, அதை நான்தான் எடுத்து இதுல போட்டேன்"னாங்க.

எல்லாம் கூட்டினா 40. மீதி ஒண்ணு, அவங்க போட்டோ எடுத்து அனுப்பின அதே காசு, "யுவான் ஃபெங் தோங் பாவ்". கடிகாரச் சுத்துல படிக்கிறது. 1078-ல இருந்து 1085 வரைக்கும் உள்ள ஆட்சிக்காலம், அதாவது நம்ம ஆள் 72 பேர் போய்ட்டு வந்ததுக்கு அடுத்த வருஷம் ஆரம்பிக்குது. 24 மில்லிமீட்டர், 3.7 கிராம். டீச்சர் கண்ணு விரிஞ்சுது. "அப்போ அவன் சொன்னது நிஜமா?"

நான் ரெண்டு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. ஒண்ணு, இந்தப் பேரோட 17-ஆம் நூற்றாண்டுல ஜப்பான்ல நாகசாகியிலயும் வியாபாரத்துக்காகக் காசு வார்த்திருக்காங்க, அதனால பேரை மட்டும் வச்சு 900 வருஷம்னு முடிவு கட்டக்கூடாது. எழுத்து பாணியை ஒப்பிட்டதுல இது சோங்னுதான் எனக்குத் தோணுது, ஆனா நான் ஆடிட்டர், நாணயவியல் நிபுணர் இல்லை. ரெண்டாவதுதான் வலிக்கிற விஷயம். யுவான் ஃபெங் காலத்துல சோங் அரசாங்கம் ஒரு வருஷத்துக்குச் சுமார் 50 லட்சம் சரம் வார்த்தது. 500 கோடி காசு. ஒரே வருஷத்துல. இதைச் சேர்க்கிறவங்க கைமாத்திக்கிற விலை, சாதாரண ரகமா இருந்தா, சில நூறு ரூபாய்.

பழசு வேற, அரிது வேற, விலை வேற. ஷேர் மார்க்கெட்ல 40 வருஷக் கம்பெனின்னு சொன்னா உடனே வாங்கிடுவீங்களா? எத்தனை ஷேர் வெளியே இருக்கு, எத்தனை பேருக்கு வேணும்னு பார்ப்பீங்கல்ல?

மொத்த டப்பாவுக்கும் நான் போட்ட கணக்கு ஆறு, ஏழாயிரம் ரூபாய். அதுலயும் பத்து காசுக்கு மதிப்பு பாதிதான். டீச்சர் கிடைச்ச அன்னைக்கே புளியும் பீதாம்பரியும் போட்டு விளக்கு மாதிரி தேய்ச்சுட்டாங்க. தயவுசெஞ்சு யாரும் இதைச் செய்யாதீங்க. மேலே படிஞ்ச அந்தப் பழுப்பும் பச்சையும்தான் அதோட வயசுக்குச் சாட்சி. அது போனா வாங்குறவன் கை வைக்க மாட்டான். மண்ணு இருந்தா நல்ல தண்ணியில ஊற வச்சு மெத்துன்னு ஒரு துணியில ஒத்தி எடுங்க, போதும்.

"இதுக்கா தம்பி நான் 23,000 கட்டினேன்?"னு கேட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லலை. ஆபீஸ் பையன் காபி கொண்டு வந்து வச்சான்.

என் தொழில் பக்கத்தையும் சொல்லிடறேன். பரம்பரையா வந்த காசுக்கு வாங்கும்போது வரி இல்லை. வித்தாதான் கேள்வி. வீட்டு உபயோகப் பொருளை வித்தா மூலதன ஆதாய வரி கிடையாது, ஆனா அந்த விலக்குல இருந்து நகை, தொல்பொருள் சேகரிப்பு, ஓவியம், சிற்பம், கலைப்பொருள் இதையெல்லாம் சட்டம் வெளியே எடுத்திருக்கு. ஒரு டப்பா காசு "தொல்பொருள் சேகரிப்பு" ஆகுமாங்கிறது வாதம் பண்ணக்கூடிய விஷயம். பெரிய தொகைன்னா காட்டிடுங்கன்னுதான் நான் சொல்வேன். 24 மாசத்துக்கு மேல வச்சிருந்தா நீண்டகால ஆதாயம், 12.5 சதவீதம். பரம்பரைச் சொத்துக்கு முன்னோர் வச்சிருந்த காலமும் சேரும், 2001 ஏப்ரல் 1-க்கு முன்னாடி வந்ததுன்னா அன்னைய சந்தை மதிப்பை அடக்கவிலையா எடுத்துக்கலாம். வாங்கி வாங்கி விக்கிறீங்கன்னா அது வியாபார வருமானம், கணக்கு வேற.

வீடு கட்டத் தோண்டும்போது கிடைச்சதுன்னா இது எதுவும் பொருந்தாது. 1878-ஆம் வருஷப் புதையல் சட்டம் இன்னும் உயிரோட இருக்கு. மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல இருந்தா கலெக்டருக்குத் தகவல் கொடுக்கணும். ஆமா, பத்து ரூபாய்தான். யாரும் இன்னும் திருத்தலை.

எல்லாம் முடிஞ்சு கிளம்பும்போது டீச்சர் சாதாரணமா ஒண்ணு சொன்னாங்க. பையன் நியூஜெர்சியில இருக்கான், தாத்தா காசு பேரனுக்கு வேணுமாம், அடுத்த மாசம் போறப்போ ஹேண்ட்பேக்ல போட்டு எடுத்துட்டுப் போறேன்னு. டப்பாவை நான் கையில பிடிச்சுக்கிட்டேன்.

1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேல ஆன காசு தொல்பொருள். எந்த நாட்டுக் காசுன்னு அந்த வரையறை பிரிச்சுப் பார்க்கலை. தனிநபர் அதை நாட்டை விட்டு வெளியே கொண்டு போக முடியாது. சிங் வம்சமே 1912-ல முடிஞ்சுது, அப்போ அந்த 26-ம் உள்ளே. ஜப்பான், வியட்நாம், யுவான் ஃபெங் எல்லாமே உள்ளே. படிக்க முடியாத அந்த ரெண்டையும் நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன். ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ் நிறுத்தினா பேரனுக்கு ஆசையா கொண்டு போறேன்னு சொன்னா எடுபடாது. தொல்பொருள் இல்லைன்னு சான்றிதழ் வேணும்னா கோட்டையில இருக்கிற இந்தியத் தொல்லியல் துறை ஆபீஸுக்குத்தான் போகணும்.

"அப்போ என்னதான் எடுத்துட்டுப் போறது?"

டப்பாவைத் திறந்து, சிவப்பு நூல் ஒட்டின அந்த அஞ்சையும் தனியா எடுத்து ஒரு கவர்ல போட்டுக் கொடுத்தேன். மீதி 36-ம் இப்போ மந்தைவெளியிலதான் இருக்கு. டீச்சர் ஒவ்வொண்ணையும் தனித்தனி பேப்பர் கவர்ல போட்டு, மேலே பென்சில்ல எடையும் ராஜா பேரும் எழுதி வச்சிருக்காங்க. சிவப்பு மையில டிக் வேற.